சட்டி மாறிட்டு

“ஏட்டி ரீபா, உங்கப்பா மீன் கொண்டாந்தாரா, இல்ல எண்ணெயில முக்கின பழந்துணியக் கொண்டாந்தாரா?”

வாயில் வைத்ததைத் தட்டோரத்தில் துப்பினாள் சாரம்மாள். மருமகளை மட்டம் தட்ட ஒரு சாக்கு கிடைத்துவிட்டால் போதும், அந்த அம்மாவுக்குச் சோறே வேண்டாம்.

ரீபா சுவரோரம் நின்றாள். அவள் அப்பா இஸ்ரவேல் வாத்தியார் விடியற்காலையில் உவரியில் சாளை மீன் வாங்கி, திசையன்விளையில் பஸ் ஏறி, பாளையங்கோட்டைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாவம், சம்பந்தி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்று கூட யாரும் சொல்லவில்லை.

சாரம்மாளின் மகன் ஜெனோவும் முகத்தைச் சுளித்தான். “ஆமாம்மா, தொண்டையில காறுது.”

“காறாம என்னலே செய்யும்? சாளை நெய் உள்ள மீனு. ஐஸ்ல கல்லு மாதிரி கிடந்தா அழுகாது, சரி. நெய் சும்மா இருக்குமா? சிக்கு வாடை அடிச்சுப் போவும். தோலுக்கடியில பாரு, மஞ்சளா நிக்கி. ஆறு மாசத்துச் சரக்கு!”

“ஐஸ்ல வச்சா எத்தனை மாசமானாலும் கெடாதுன்னு சொல்லுவியளே, அத்தை?” ரீபா பையக் கேட்டாள்.

“யாருட்டி சொன்னா? இத மனுஷன் திம்பானா? நாய்க்குப் போட்டா நாயே நம்மள மொறைக்கும். கடைக்காரன் கழிச்சுப் போட்டதப் பொறுக்கிட்டு வந்திருக்காரு, பெரிய வாத்தியாரு! ஏலே ஜெனோ, உன் மாமனாருக்குப் போனைப் போடு. இனி இந்த வீட்டு நடையில அவரு கால் வைக்கப்படாது!”

பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் ஜெனோ போனை எடுத்தான். அம்மா சொல்லி அவன் எதைத்தான் தட்டியிருக்கிறான்!

மகளைப் பார்க்க வந்த மனுஷனுக்கு இந்த அவமானமா? ரீபா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். இன்னொரு சட்டியைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்துத் திறந்தாள். மாங்காய் போட்ட சாளைக் குழம்பு கமகமவென்று மணந்தது.

“அப்பா கொண்டாந்த மீனு இதுதான், அத்தை. சட்டி மாறிட்டு. நீங்க துப்புனது, வீட்டுக்குப் புது மீன் வருத அன்னைக்கெல்லாம் ‘நீ இதத் தின்னுட்டி’ன்னு ஃப்ரீசர்ல இருந்து எனக்குன்னு எடுத்துக் குடுப்பியளே, அந்த மீனு.”