படம் வருதா, மேடம்?

விழா மேடையைக் கேமராவில் பிடித்து, என்கோடர் பெட்டி வழியாக இணையத்தில் அனுப்புவது அந்தக் கேமராக்காரரின் வேலை. மறுமுனையில், அலுவலகத்தில் அதை வாங்கிச் சரிபார்ப்பவர் ஒரு பெண்மணி.

"படம் வருதா, மேடம்?"

"இன்னும் வரல, சார்."

அப்பாடா! கேமராவுக்கு எதிரே விருந்தினர்களுக்காக வெட்டி வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டை அவசரமாக விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப?"

"வருது சார். நெட் மந்தமா இருக்குன்னு முப்பது நொடி தாமதம் வெச்சிருக்கேன். கொஞ்சம் முன்னாடி நடந்ததுதான் இப்பத் தெரியும்."

அவர் சட்டென்று கேமராவை அணைக்கப் போனார்.

"அதோ, கேக் வாய்க்குள்ள போகுது! சர்க்கரை முந்நூறு இருக்கு, இனிப்பைத் தொடவே மாட்டேன்னு காலைல என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணீங்களே! வீட்டுக்கு வாங்க, ஒரு வாரத்துக்கு மூணு வேளையும் பாகற்காய்தான்!"