எதிரெதிரே இரண்டு தட்டு

மேகலா கொழுப்புத் துண்டை எடுத்து, மாமியாரின் கண்ணுக்கு நேரே ஒரு நொடி பிடித்துவிட்டுத்தான் வாயில் போட்டாள்.

எதிரே கொளஞ்சியம்மாள் குனிந்த தலை நிமிராமல் கஞ்சியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள, எண்ணெய் காட்டாமல் வேகவைத்த புடலங்காய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். உடையார்பாளையத்தில் பாதி வீடுகளில் கறி கொதிக்கிற நேரம்.

பத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் கரண்டி கொளஞ்சியம்மாள் கையில்தான் இருந்தது. மகனுக்கு, மகளுக்கு, மருமகனுக்கு, வந்து போகிற பங்காளிக்கு என்று போட்டு முடித்த பிறகே மேகலாவிடம் சட்டி வரும். அதில் இரண்டு எலும்பும் கொஞ்சம் குழம்பும் கிடக்கும். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மசக்கையில் ஒரு நாள் நல்ல கறியாக இரண்டு துண்டு வேண்டும் என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஒங்கப்பன் வூட்ல தெனம் கெடா வெட்டுனாங்களாக்கும்" என்றாள் கொளஞ்சியம்மாள். வாசலில் நின்ற பால்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மேகலா அதை மறக்கவில்லை.

போன தையில் மேகலாவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டது. போனில் ஒரு பேலியோ உணவுக் குழுவில் சேர்ந்தாள். சோறு, இட்லி, பழம் எல்லாம் போயின. காலையில் பட்டர் டீ, நடுவில் நெய்யில் வறுத்த பாதாம், மதியம் தனக்கென்று தனியாகச் சமைத்த கொழுப்பும் கறியும். தட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டால் முகம் தெரியாதவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். ஐந்தே மாதத்தில் பதினெட்டு கிலோ இளைத்தாள்.

நடுவில் சித்திரையில்தான் சாமி கண்ணைத் திறந்தது. ஒரு கல்யாண விருந்து தின்றுவிட்டு வந்த கொளஞ்சியம்மாள், விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அரியலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். கத்தி என்றாலே அவளுக்குக் குலைநடுக்கம். வைகாசி போகட்டும் என்றாள், ஆனி போகட்டும் என்றாள், ஆடியில் யாராவது வயிற்றைக் கிழிப்பார்களா என்றாள். அதுவரை எண்ணெய், நெய், கறி எதுவும் நாக்கில் படக்கூடாது.

கரண்டி கை மாறியது.

"இனிமே சேந்தே சாப்புடுவோங்க அத்தை. நீங்க தனியா சாப்புட்டா எனக்குத் தொண்டையில எறங்காது" என்று மேகலா தேனொழுகச் சொன்னபோது, அவள் புருஷன் பழனிவேலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களில் புருஷன்களுக்கு எதுதான் விளங்கியிருக்கிறது!

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. நெய் வாசம் கொளஞ்சியம்மாளின் கஞ்சி மேல் படுகிற தூரம் பார்த்து உட்கார்ந்தாள். எலும்பை உறிஞ்சும்போது சத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டாள். மாமியாரின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தால்தான் அவளுக்குச் சாப்பாடே ருசித்தது. பழி இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

இன்று மூன்றாவது துண்டில் வலி வந்தது.

வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகைச் சுற்றி, தோளுக்கு ஏறியது.

அது புதிதல்ல. போன வியாழக்கிழமைதான், தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, தெரிந்த முகம் எதுவும் வராத ஒரு ஸ்கேன் சென்டரில் போய்ப் படுத்தாள். அவளுக்கும் கல். ஒன்றல்ல, ஐந்தாறு. உடம்பு மளமளவென்று இளைத்தால் இப்படி வருவதுண்டு என்றார் அங்கிருந்த டாக்டர். கொழுப்பை இன்றே நிறுத்துங்கள், கல் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே வம்பு என்றும் சொன்னார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை. நாளையிலிருந்து இரண்டு தட்டிலும் ஒரே கஞ்சி. எதிரே கொளஞ்சியம்மாளின் முகம். அது ஒன்றை மட்டும் தாங்க முடியாது. இன்னும் ஒரே ஒரு மாதம் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ரிப்போர்ட்டைக் கிழித்து பஸ் ஜன்னல் வழியாக விட்டாள்.

இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது துண்டை எடுத்தாள். மேலுதட்டில் வியர்வை பூத்தது. இடது கை தானாக விலாவுக்குப் போனது.

கொளஞ்சியம்மாள் தலை நிமிர்ந்தாள்.

இத்தனை மாதத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவள் நிமிர்ந்தது இதுதான் முதல் தடவை. மருமகளின் வியர்வையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்த தோளைப் பார்த்தாள். அந்த வலியைக் கண்ட மாத்திரத்தில் கண்டுபிடிக்க அந்த வீட்டில் அவளை விட்டால் ஆளில்லை.

"தோள்பட்ட வரைக்கும் ஏறுதா?" என்றாள், மெதுவாக.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க அத்தை. காரம்."

கொளஞ்சியம்மாள் கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். சப்புக்கொட்டினாள். பிறகு கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டாள்.

"டேய் பழனி, அடுத்த வாரம் கறி ரெண்டு கிலோவா வாங்கியா. கொழுப்பா பாத்துப் போடச் சொல்லு. பாவம், புள்ளைக்குப் பத்த மாட்டேங்குது."

பழனிவேல் எழுந்து அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டான். அம்மா மேகலாவைப் புள்ளை என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கும்மா அடுத்த வாரம்? நாளைக்கே வாங்கியாறேன்."

மேகலா மாமியாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சட்டியில் மிச்சமிருந்ததையும் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டாள்.