பட்டியலில் இல்லாத பூங்கோதை

ஒரு கம்பெனியில் ஒரே விலாசத்தின் கீழ் இரண்டு மெயில் சர்வர்கள் இருந்தன. பாதிப் பேருடைய தபால் உள்ளே பழையதிடம், மீதி வாசலில் புதியதிடம். பேட்டரிக் கடையிலிருந்து, அங்கே வேலை பார்க்கும் பூங்கோதைக்கு ஓர் அவசர மெயில் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அப்படி யாரும் கிடையாது," என்றது புதியது.

"உள்ளே பழையவரைக் கேளுங்களேன்."

"எதுக்கு? இந்த விலாசமே என்னுது. என் பட்டியல்ல இல்லாத ஆள் உலகத்துலயே இல்ல."

மெயிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் முதுகுத் தூசியைத் துடைச்சிக்கிட்டு நிக்குதே அந்தம்மா, அது யாருய்யா?"

"பட்டியல்ல இல்ல." முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

பல்லை நறநறவென்று கடித்தபடி மெயில் திரும்பியது. அது சுமந்து வந்த சேதி ஒரே வரிதான்: "புது சர்வருக்கு அடியில் வைத்த பேட்டரி வெடிக்கும், கிட்டே போகாதீர்கள்."