நீலப்பட்டை நிற்கும் பெயர்

போடிநாயக்கனூரில் வேலுச்சாமியின் ஏலக்காய்க் கடையில், யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லோரும் காத்துவந்த விதி ஒன்று உண்டு: மணமான பெண் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. காய்களைத் தரம் பிரிக்கும் பெரியம்மாளுக்குத் தன் கணவன் சின்ராசு என்றுமே ‘ஜீப்புக்காரரு’தான்.

அதைத் தினமும் கேலிசெய்யும் முதலாளி மகள் சூர்யகலா, அன்று ஏனோ சிரிக்கவில்லை. தான் உருவாக்கிய மென்பொருளைக் கணினியில் திறந்தாள். உச்சியில் நீலப்பட்டை போட்டு வேலுச்சாமி; அவருக்குக் கீழே தோட்டங்கள் கிளைகளாகவும், வேலையாட்கள் இலைகளாகவும் விரிந்தார்கள்.

அருகில் நின்ற வேலுச்சாமி உறுமினார்: “அந்த சூப்பர்வைசர் முத்துக்கண்ணன மொதல்ல தூக்கு. உங்கூட மதுரை ரயில்ல உக்காந்து வந்தானாமே! இன்னையோட அவனுக்கு இங்க சோலி கெடையாது.”

சூர்யகலா அசையாதிருக்கவே, அவரே மவுஸைப் பிடுங்கினார். அந்தப் பெயரின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘நீக்கு’ என்பதைத் தட்டினார்.

திரை பணிவோடு கேட்டது: ‘வேலுச்சாமியை நீக்கலாமா?’

“ஆத்தாடி! என்னையவே தூக்குது!”

பெரியம்மாள் காய் புடைக்கும் சொளகோடு குலுங்கிச் சிரித்தாள்.

“வலது பக்கம் அமுக்குனா மெனு மட்டுந்தாம்ப்பா வரும். நீலப்பட்டை எந்தப் பேர்ல நிக்கிதோ, அந்த ஆளுதான் போவாரு. அது உங்க பேர்லயே நின்னுச்சு” என்றாள் சூர்யகலா.

“அப்ப நீயே பண்ணு. பட்டை நிக்கிற பேர வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் அமுக்கணும். இன்னொரு தடவ நான் போயிரக் கூடாது!”

சூர்யகலா இடப்பொத்தானால் ஒவ்வொரு பெயராகச் சொடுக்கிக்கொண்டே இறங்கினாள். “சுருளி... ஒச்சம்மாள்... சின்ராசு...”

பட்டை அடுத்த பெயருக்கு நகர்ந்தது. அவள் வாய் மூடிக்கொண்டது.

“யாரு?”

“அவருதான்.”

வேலுச்சாமியின் முகம் மலர்ந்தது. “பாத்தியா பெரியம்மாளு? அவன் பேரச் சொல்லக்கூட எம் மகளுக்கு அருவருப்பு! ரயிலுன்னும் மயிலுன்னும் பேசுனவன் வாயில மண்ணு!”

பெரியம்மாள் சொளகை இறக்கிவைத்து, சூர்யகலாவையே பார்த்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சும்மா சொல்லு ஆத்தா. சொல்லிட்டு வெரசா அமுக்கு!”

சூர்யகலா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒருசேரப் பொங்கி வந்தது.

“முத்துக்கண்ணன்! எம் புருசன்ப்பா!”