ஒரே மூச்சில் நாற்பது வினாடி

பாட்டு வாத்தியாருக்குக் கர்வம் தலைக்கேறியிருந்தது. அவருடைய மாணவர்கள் ஒரே மூச்சில் நாற்பது வினாடி "ஆ" என்று இழுப்பார்கள். மற்ற வகுப்புகளில் இருபதைத் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

"ரகசியம்லாம் ஒண்ணுமில்லை. ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேரா நின்னு நானும் கூடவே பாடுவேன். நடுவுல மூச்சு இழுக்க ஒருத்தருக்கும் தைரியம் வராது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. நான்கு நாள் லீவு முடிந்து வெள்ளியன்று வந்தவர், கைக்கடிகாரத்தோடு மாணவர் வரிசையில் முதலாவதாக நின்ற தையல்காரர் முன்னால் போய் நின்றார். பதினெட்டாவது வினாடியில் தையல்காரர் சாவகாசமாக மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். அடுத்து நின்ற நர்ஸம்மா பதினைந்து. நர்ஸம்மாவின் மருமகள் பதினொன்று.

வாத்தியாரின் முகம் தொங்கிவிட்டது.

"நாலே நாள்ல கோட்டை விட்டுட்டீங்களே. வீட்டுல யாரும் சாதகம் பண்ணலையா?"

"தினமும் ரெண்டு வேளை பண்ணினோம் சார்" என்றார் நர்ஸம்மா.

"அப்புறம் என்னதான் ஆச்சு?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தையல்காரர்தான் கேட்டார்.

"லீவுல எங்க சார் போயிருந்தீங்க?"

"பல் டாக்டர்கிட்ட. ரெண்டு வருஷமா அழுகிக் கிடந்த கடைவாய்ப் பல்லு மூணையும் பிடுங்கிப் போட்டுட்டார். அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

தையல்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்.

"போட்டி முடிஞ்சப்புறம் பிடுங்கியிருக்கலாம் சார். இத்தனை நாளா நீங்க முன்னால நின்னு பாடினப்போ, நகர்ந்து போற வரைக்கும் நாங்க யாராவது மூச்சை உள்ள இழுத்தோமா?"