மாமனாரின் சுருட்டை முடி

“முப்பத்தஞ்சு வயசுலயே மருதாணியா மாப்பிள்ளை? எங்க பரம்பரையில எழுபதுலயும் ஒரு நரை கிடையாது!”

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான மாமனார், தன் கன்னங்கரேலென்ற சுருட்டை முடியைத் தடவிக்கொண்டார். ஆரஞ்சுத் தலையோடு நின்ற மாப்பிள்ளைக்குப் பொறுமை போயிற்று.

“கறுப்பு முடியில மருதாணி தெரியாது மாமா. நரையில பளிச்சுன்னு பிடிக்கும். டை அடிச்சிருந்தாலும் வேர் காட்டிக்கொடுத்துடும். பூசிப் பார்ப்போமா? தோத்தா, இனி என் தலையைப் பத்திப் பேசக் கூடாது.”

“நான் ஜெயிச்சா மன்னிப்புக் கேக்கணும். கொண்டாங்க கிண்ணத்தை!”

“வேணாங்க!” என்று மாமியார் பதறினார். மாப்பிள்ளை மனசுக்குள் விசிலடித்தான்.

கடைசியில் மாமியாரே பூசிவிட்டார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. மாமனார் மூன்று மணி நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கழுவிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை வெயிலில் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஓர் இழைகூடச் சிவக்கவில்லை.

“மன்னிச்சிடுங்க மாமா.”

மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறைக்குள் போனார். சற்று நேரத்தில், துவட்டத் துண்டு கொடுக்கலாமே என்று மாப்பிள்ளை கதவைத் தள்ளினான்.

ஜன்னல் கம்பியில் அந்தச் சுருட்டை முடி முழுவதையும் இரண்டு கிளிப் போட்டு மாமியார் காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் மாமனாரின் வழுக்கை பளபளத்தது.

மாமனார் அசையவில்லை.

“என்ன பாக்குறீங்க மாப்பிள்ளை? இந்தத் தலையில ஒரு நரையைக் காட்டுங்க பார்ப்போம்!”