கழட்டிய கை

காலையில் தங்கமாரி மூன்றாவது ஓட்டையில் மாட்டிவிட்டுப் போகும் வார், மில் வேலை முடிந்து அவள் வரும்போது நாலாவதில் இருந்தது. வளைந்து பிறந்த கால் நிமிர்வதற்காக எட்டு மாதப் பிள்ளைக்குப் போட்ட கம்பி பூட்ஸை யாரோ தினமும் கழட்டுகிறார்கள்.

"இப்படிக் கழட்டுனா கால் பழையபடி திரும்பிரும்மா" என்று டாக்டர் எச்சரித்துவிட்டார்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார் சங்கரம்மாள். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவள். பிள்ளையின் கால்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கழட்டுவது அவள்தான் என்று தங்கமாரிக்குச் சந்தேகம்.

அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு தன் ஊர் ரெட்டியபட்டிக்குப் பஸ் பிடித்தாள். வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சங்கரம்மாளின் கை பூட்ஸ் வாரில் இருந்தது.

"கையை எடுங்க மதினி! எம்பிள்ளையும் உங்கள மாதிரி நடக்கணுமா?"

சங்கரம்மாள் எடுக்கவில்லை. வாரை இறுக்கி மாட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நான் கழட்டல தாயி, மாட்டுறேன். மத்தியானம் சோறு திங்க வாரப்பல்லாம் உன் புருசந்தான் கழட்டிவிடுறான். பிள்ள அழுதா அவனுக்குத் தாங்கல. இப்பவும் கழட்டிப் போட்டுட்டுத்தான் கடைக்குப் போயிருக்கான்."

தங்கமாரி குனிந்து வாரைப் பார்த்தாள். நாலாவது ஓட்டை.

"எங்க அய்யாவும் இப்படித்தான். சின்னதுல நான் அழுறேன்னு கால்ல போட்ட மாவுக்கட்டப் பிரிச்சுவிட்டாரு. எம்மேல அம்புட்டு உசுரு அவருக்கு."

வாசலில் புருசன் பாண்டிராஜின் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சத்தம் கேட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே இரண்டு கால்களையும் வாசல் பக்கம் நீட்டியது.